தமிழ் வராமல் போனவரோடு யான் வரை

சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நாங்கள் புறப்பட்டபோது கடிகாரத்தில் மணி எட்டு. வானம் இன்னும் சரியாக வெளுக்கவில்லை. ஜப்பான்காரர்கள் வந்த நாளிலிருந்து தோக்கியோ மணிதான் எங்களுக்கும் மணி. பழைய மணிக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. கெடாவைச் சயாம்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்று அப்போதுதான் பேச்சு வந்திருந்தது. கொடி மாறியது. துப்பாக்கி பிடித்தவர்கள் மாறவில்லை.

போக வேண்டிய ஊர் யான். ஜெராய் மலைக்கு அந்தப் புறம், கடலோரத்தில், மலாய்க்காரர்கள் நெல் விளைவிக்கிற ஊர். எங்கள் தோட்டத்திலிருந்து பெடோங் இரண்டு மைல். பெடோங்கிலிருந்து குருண் ஏழு, குவார் செம்பெடாக் இன்னும் நாலு, அங்கிருந்து மேற்கே திரும்பினால் எட்டு. மொத்தம் இருபத்தொரு மைல். சண்டைக்கு முன்னால் இந்தத் தூரத்தை என் வீட்டுக்காரர் லாரியில் ஒரு சுருட்டு புகைகிற நேரத்தில் போய்விடுவதாகப் பெருமை பேசுவார்.

அவர் பெயர் ராமையா. அந்தக் காலத்தில் அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எழுதுவதால் சொல்கிறேன். தோட்டத்து ரப்பர் பால் லாரி ஓட்டியவர். இப்போது வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். வலது கை தொங்கியது. வாயில் தமிழ் இல்லை.

இது நடந்தது இப்படி. புறப்படுவதற்கு ஒன்றரை மாதம் முன்பு, மரவள்ளிக் கிழங்கு மூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு பெடோங் காவல் கொட்டகையைத் தாண்டியிருக்கிறார். சிப்பாய்க்குக் குனிந்து வணங்க வேண்டும். மூட்டை சரிந்ததால் சைக்கிளை விட முடியாமல், குனியத் தாமதமாகிவிட்டது. துப்பாக்கிக் கட்டையால் இடது பொட்டில் ஒரே அடி. பலகையில் படுக்க வைத்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். சில நாள் கண் திறக்கவில்லை. திறந்தபோது என்னைப் பார்த்து, "செஜுக்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பாசாரில் மீன் வாங்குகிற அளவுக்குத்தான் எனக்கு மலாய் தெரியும். பக்கத்து லயத்து வீட்டுக்காரி ஓடி வந்து, "குளுருதுங்குறாரு கமலம், போத்து போத்து" என்றாள். சாக்கை எடுத்துப் போர்த்தினேன். சுரத்தில் பேசுகிறார், தெளிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

தெளிந்தார். தமிழ் வரவில்லை. நாங்கள் சொல்வது எல்லாம் அவருக்குப் புரிந்தது. சின்னவன் கிழங்கு பிடிக்கவில்லை என்று அழுதால் அவர் கண்ணிலும் நீர் வரும். பதில் மட்டும் மலாயில் வரும். தமிழில் சொல்ல முயன்றால் உதடு கோணும், நெற்றி வேர்க்கும், கழுத்து நரம்பு புடைக்கும், ஒரு சத்தமும் வராது. ஒரு நாள் கட்டில் காலில் முட்டி இடித்துக்கொண்டு, லாரிக்காரர்கள் வாயில் வருகிற கெட்ட வார்த்தை ஒன்றைச் சுத்தமான தமிழில் சொல்லிவிட்டார். பிள்ளைகள் கை கொட்டிச் சிரித்தார்கள். தமிழ் வந்துவிட்டது என்று நான் கோயிலுக்கு ஓடினேன். திரும்பி வந்து "என் பேரச் சொல்லுங்க" என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "மாக் புடாக்" என்றார். பிள்ளைகளின் அம்மா என்று அர்த்தம்.

மலாய் அவருக்குப் புதிதல்ல. அவரைப் பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். மாமனார் அப்போது யான் பக்கம் ரோடு போடுகிற வேலையில் இருந்தார். அங்கே ஒரு மலாய்க்காரப் பெண், தன் மகனுக்கு ஒரு மார்பும் இந்தக் குழந்தைக்கு ஒரு மார்புமாகக் கொடுத்து வளர்த்தாள். ஏழு வயதில் தோட்டத்துக்கு வந்தபோது அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாதாம். பிள்ளைகள் கேலி செய்து, அடித்து, சேர்த்துக்கொண்டு, அப்படித்தான் தமிழ் வந்தது. முதலில் வந்த பேச்சு நிலைத்தது. பிறகு வந்தது போனது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் இதற்கு விளக்கம் சொல்லவில்லை. "மருந்தும் இல்ல, எனக்குத் தெரியவும் இல்லம்மா" என்றார்.

அந்த மாதம் சயாம் ரயில் ரோட்டுக்கு மறுபடி ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். முதலில் திடமானவர்களைக் கொண்டுபோனார்கள். பிறகு எண்ணிக்கை சேர்ந்தால் போதும் என்று நொண்டியையும் கிழவனையும் லாரியில் ஏற்றினார்கள். இவரோ விடிந்தால் அடைந்தால் "பாலிக் யான், பாலிக் யான்" என்று கையைப் பிடிப்பார். யானுக்குத் திரும்பலாம் என்கிறார் என்பது எனக்கே புரிந்தது. அங்கே அவரோடு பால் குடித்த அந்த மகன் பாக்கார் இருக்கிறார். ஆள்பிடிகாரர்களும் அவ்வளவு தூரம் வருவதில்லை. இரண்டு பிள்ளைகளையும் நாத்தனார் பொன்னம்மாவிடம் விட்டேன். தோட்டத்துச் சீட்டைக் காட்டி இரண்டு பேருக்கும் வழிப் பாஸ் வாங்கினேன். கிளம்பினோம்.

பெடோங் வரை நடந்தோம். இரண்டு மைலுக்கு வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அங்கே காதர் பாயின் மாட்டு வண்டி கிடைத்தது. காதர் பாய் குருணில் மளிகைக் கடை வைத்திருந்தவர். கடையில் அப்போது உப்பும் புகையிலையும்தான் இருந்தன. தமிழ் முஸ்லிம், மனைவி மலாய்க்காரி. கூலியாக முட்டையிடுகிற கோழி இரண்டு கேட்டார். ஜப்பான்காரர்கள் அடித்த வாழைமர நோட்டை யாரும் தொடுவதில்லை; பெடோங் பாசாரில் அன்று ஒரு தேங்காய் இரண்டு வெள்ளி. ஒரு கோழிதான் இருக்கிறது என்றேன். அவர் இவரைப் பார்த்துவிட்டு, "ஏறுங்க தங்கச்சி" என்றார்.

பெடோங்கிலிருந்து குருண் வரை ரோட்டின் இரு பக்கமும் ரப்பர் மரங்கள் பால் எடுக்கப்படாமல் நின்றன. பால் கோப்பைகளில் மழைநீரும் கொசுவும். சில இடங்களில் மரத்தைச் சாய்த்து மரவள்ளி போட்டிருந்தார்கள். லயங்களில் பாதிக்கு மேல் கதவு சாத்தியிருந்தது. பெண்கள் சாக்கு உடுத்தியிருந்தார்கள், நானும்தான்.

வண்டி நகர்ந்ததும் காதர் பாய் இவரிடம் தமிழில் ஏதோ கேட்டார். இவர் மலாயில் பதில் சொன்னார். பாய் ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டு மலாய்க்கு மாறினார். அவ்வளவுதான், இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள். ஒன்றரை மாதமாக மூன்று வார்த்தை, நாலு வார்த்தை பேசிய மனிதர், மடை திறந்த மாதிரி பேசினார். ஓரிடத்தில் சிரிக்கக்கூடச் செய்தார். நான் பின்னால் மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

"பாய்," என்றேன். "உள்ளுக்குள்ள எதுல நெனைக்கிறாருன்னு கேளுங்க. தமிழ்லயா, மலாய்லயா?"

அவர் கேட்டார். வண்டி ஒரு பாலத்தைக் கடந்தது. பிறகு இவர் மெதுவாகச் சொன்னார். பாய் எனக்குத் திருப்பினார்.

"நெனைக்கும்போது பேச்சே இல்லயாம் தங்கச்சி. ஒன் மூஞ்சி தெரியுதாம், அடுப்பு தெரியுதாம், பிள்ளைங்க தெரியுதாம். பேரச் சொல்லலாம்னு எடுத்தா தொண்ட வரைக்கும் வருதாம். அங்க வந்து காணாமப் போயிடுதாம்."

"உங்களுக்கு எப்படி பாய்? நீங்களும் ரெண்டும் பேசுறீங்களே?"

"நான் எங்க கவனிச்சேன். கணக்குப் போட்டா தமிழ். வீட்டுக்காரியோட சண்ட போட்டா மலாய். தொழுகைல அரபு. ஒன்னும் ஒன்னும் முட்டிக்காமத்தான் போவுது." கொஞ்ச தூரம் போன பிறகு, தமக்குள் பேசுவது போல, "ஒரு அடில ஒன்னு போயிடும்னு தெரியாது லா" என்றார்.

குருணுக்கு அரை மைல் முன்னால் மூங்கில் தடுப்புப் போட்டிருந்தார்கள். ஜப்பான் சிப்பாய் ஒருவன், மலாய்ப் போலீஸ்காரர் ஒருவர். இறங்கி, குனிந்து வணங்கினோம். நான் இவர் முதுகில் கை வைத்து அழுத்தினேன். போலீஸ்காரர் பாஸை வாங்கிப் பார்த்துவிட்டு இவரிடம், "ஹாங் ஓராங் மனா?" என்றார். நீ எந்த ஊர் என்று கேட்கிறார்.

இவர் பதில் சொன்னதும் போலீஸ்காரரின் முகம் மாறியது. தோட்டத்துத் தமிழர்கள் பேசுகிற உடைந்த மலாய் அல்ல அது. கெடாவின் நெல் வயலில் பிறந்தவன் பேசுகிற பேச்சு. பாஸில் தமிழ்க் கூலி என்று இருக்கிறது. சயாம் ரயில் ரோட்டிலிருந்து ஓடி வந்தவர்கள் செத்தவன் பாஸை வைத்துக்கொண்டு திரிகிற காலம். போலீஸ்காரர் சிப்பாயிடம் ஏதோ சொன்னார். சிப்பாய் கிட்டே வந்தான்.

"இவன் தமிழன் என்றால் தமிழ் பேசச் சொல்லு" என்றார் போலீஸ்காரர். காதர் பாய்தான் எனக்குச் சொன்னார், உதடு அசையாமல்.

இவர் வாயைத் திறந்தார். உதடு கோணியது. சிப்பாய் கன்னத்தில் ஒரு அறை விட்டான். மறுபடி வாயைத் திறந்தார். மறுபடி அறை. நான் காலில் விழுந்து, "அடிபட்டவரு, பேச்சு வராது" என்று கதறினேன். அதைத் தமிழில் கதறி யாருக்குப் புரியும்? பாய் மலாயில் கெஞ்சினார். சிப்பாய் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்தான்.

அந்த நேரத்தில் பாய் இவர் தோளைப் பிடித்து உலுக்கி, "எண்ணு! ராமையா, எண்ணு! ஒன்னு..." என்றார். மூட்டை எண்ணுகிறவருக்கு அது தோன்றியது, எனக்குத் தோன்றவில்லை.

"ஒன்னு" என்றார் இவர். "ரெண்டு. மூணு. நாலு." தடங்கலே இல்லாமல் வந்தது. பத்து, பதினொன்னு, பன்னண்டு. பால் வாளி எண்ணுகிற ராகத்தில், குரலை ஏற்றி இறக்கி. போலீஸ்காரர் சிரித்துவிட்டார். தமிழன்தான் என்று சிப்பாயிடம் சொல்லியிருக்க வேண்டும். அவன் கையை ஆட்டினான். தடுப்பைத் தூக்கினார்கள்.

இவரால் நிறுத்த முடியவில்லை. வண்டியில் ஏறியும் எண்ணிக்கொண்டிருந்தார். அறுபது, எழுபது. கன்னம் வீங்கி, கண்ணீர் வழிய வழிய. கடைசியில் நான் அவர் வாயைக் கையால் பொத்தினேன். உள்ளங்கையில் உதடு இன்னும் அசைந்தது.

அன்று காதர் பாயின் கடையிலேயே தங்கினோம். அவர் மனைவி கிழங்குக் கஞ்சி கொடுத்தாள். மறுநாள் காலை அவள் தம்பியின் நெல் வண்டி யானுக்குப் போனது, எங்களையும் ஏற்றிவிட்டார்கள். கோழியைக் கொடுத்தபோது பாய் வாங்கவில்லை. "அங்க போய்ச் சும்மா கையோட நிக்காத" என்றார்.

குவார் செம்பெடாக்கில் திரும்பியதும் ரப்பர் முடிந்துபோனது. கண்ணுக்கு எட்டிய வரை நெல்வயல், இடது பக்கம் ஜெராய் மலை, உச்சியில் மேகம். காற்றில் உப்பு வந்தது. யானில் பாக்காரின் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. இவர் வழி சொன்னார், இடது கையை நீட்டி நீட்டி.

வாய்க்கால் ஓரத்தில், மரக்கால்களின் மேல், நிப்பா ஓலை வேய்ந்த வீடு. வாசலில் வலை முடைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "ஈத்தாம்!" என்று கத்தினார். கறுப்பன் என்று அர்த்தமாம். சின்ன வயதில் வைத்த பெயர். பாக்கார் ஓடி வந்து இவரைக் கட்டிக்கொண்டார். இழுபட்ட காலையும் தொங்கிய கையையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் முதுகில் ஏற்றி ஏணிப்படியில் கொண்டுபோனார். பால் கொடுத்தவள் ஜப்பான்காரர்கள் வந்த வருடமே இறந்துவிட்டாள் என்பதை அன்றுதான் இவர் தெரிந்துகொண்டார். இரண்டு ஆண்களும் அழுததைப் பார்த்தபடி நான் ஏணி அடியில் கோழியோடு நின்றேன். பாக்காரின் மனைவி ஹலிமா இறங்கி வந்து என் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போனாள்.

அங்கே மூன்று நாள் இருந்தேன். அவர்கள் இவரிடம் பேசினார்கள், இவர் அவர்களிடம் பேசினார். எனக்கு அந்த வீட்டில் நல்ல இடம் கொடுத்தார்கள், பேச்சில் இடமில்லை. என் புருஷன் ஹலிமாவிடம் சொல்லி, ஹலிமா சைகையில் எனக்குச் சொல்லி, அப்படித்தான் அவருக்கு முதுகு வலிக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் காலை நான் கீழே துணி துவைத்துக்கொண்டிருந்தேன். "கமலம்" என்று கூப்பிட்டார்கள்.

துணியைப் போட்டுவிட்டு ஏணியில் ஏறினேன். எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"கமலம். சின்னவன் எங்க?"

"பொன்னம்மாகிட்ட விட்டுருக்கேங்க. ரெண்டு பேரும் அங்கதான்."

"கெழங்கு திங்க மாட்டானே."

"திம்பான். இப்ப திங்கிறான்."

பேச்சு கொஞ்சம் குழறியது. ஆனால் தமிழ். நான் அவர் முன்னால் உட்கார்ந்து முகத்தையே பார்த்தேன். பாக்கார் வந்து மலாயில் ஏதோ கேட்டார். இவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். உதடு கோணியது, நெற்றி வேர்த்தது. மலாய் போய்விட்டிருந்தது. பாக்கார் சொன்னது அவருக்குப் புரிகிறது, சொல்ல வரவில்லை. இத்தனை நாள் நான் நின்ற இடத்தில் இப்போது பாக்கார் நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இவர் சொல்வதை என் பாசார் மலாயில், தப்பும் தவறுமாக, அவருக்குச் சொன்னேன்.

அன்று பகல் முழுவதும் பேசினோம். சிப்பாய் அடித்தபோது கிழங்கு மூட்டை என்னவாயிற்று என்று கேட்டார். நான் சாக்கு உடுத்தியிருப்பதைப் பார்த்து மனது கஷ்டமாக இருக்கிறது என்றார். "தோட்டத்துக்கு வந்துடறேன் கமலம்" என்றார். ஆள் பிடிக்கிறார்கள் என்றேன். பிறகு, "நீ போ. புள்ளைங்க தனியா இருக்கும். சண்டை முடிஞ்சதும் வரேன்" என்றார்.

மறுநாள் விடிந்தபோது மறுபடி மலாய். தமிழில் ஒரு எழுத்து இல்லை. அந்த ஒரு நாள்தான் ஏதோ தவறி வந்தது, இனி மலாய்தான் நிலைக்கும், அவருக்கும் இந்த வீட்டுக்கும் அதுதான் நல்லது என்று பாக்காரும் நினைத்தார், நானும் நினைத்தேன். மத்தியானத்துக்கு முன்னால் குவார் செம்பெடாக் போகிற வண்டி கிடைத்தது. ஏணியின் மேல்படியில் உட்கார்ந்து இவர், "ஜாலான் எலோக் எலோக்" என்றார். பார்த்து, பத்திரமாகப் போ. அது எனக்குப் புரிந்தது. "வரேங்க" என்றேன். அவருக்கும் அது புரிந்திருக்கும்.

வழியெல்லாம் எதிரே சயாம் பக்கம் போகிற லாரிகள். சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். சாக்குக்கு அடியில் கால்கள் தெரிந்தன. தோட்டத்தில் என் பிள்ளைகள் இளைத்திருந்தார்கள். நான் பாசாரில் கிழங்கு விற்கிற மலாய்க்காரிகளோடு உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டுக் கேட்டு மலாய் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். சண்டை முடிந்து அவர் வந்தால் யாருக்குப் பேசத் தெரிந்திருக்க வேண்டும்? எனக்குத்தானே.

அடுத்த நாற்று நடவு முடிந்த சமயம், பாக்கார் வந்தார். யானிலிருந்து எங்கள் தோட்டம் வரை இருபத்தொரு மைலும் நடந்து வந்திருந்தார். பாதம் வெடித்திருந்தது. என் வாசலில் உட்கார்ந்து, முதலில் என் பிள்ளைகள் இரண்டு பேரின் தலையையும் தடவினார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மலாயில் சொன்னார், அதற்குள் எனக்கு முக்கால்வாசி புரிகிற அளவுக்கு வந்திருந்தது. சுரம் கண்டது, உடம்பு ஊதிப்போயிற்று. ஊர் வைத்தியர் வந்து, இந்த ஊதலுக்குக் குடிக்க எதுவும் ஆகாது, உதட்டை மட்டும் நனைக்கலாம் என்று சொல்லிவிட்டார். அப்படியே பார்த்துக்கொண்டார்கள். கடைசி நாட்களில் மறுபடி தமிழ் வந்துவிட்டது. மலாய் இல்லை.

"ஒன்றும் புரியவில்லை, காக்" என்றார். அக்காவை அங்கே அப்படித்தான் சொல்வார்கள், அண்ணனைப் பாங் என்று. "வலிக்கிறதா என்று கேட்டேன். உங்களைக் கூட்டி வரவா என்று கேட்டேன். கண் எங்கேயோ இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தையைச் சொன்னான். கடைசி நாள் பூராவும் அதே வார்த்தை. உங்களிடம் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன், மறந்துவிடக் கூடாதென்று."

"என்ன வார்த்தை, பாங்?"

அவர் ஒருமுறை உதட்டை நனைத்துக்கொண்டார். கவனமாக, ஒரு குழந்தையைக் கீழே வைப்பது போலச் சொன்னார்.

"தன்னி. தன்னி, தன்னி. இப்படித்தான். அது என்ன, காக்?"

பக்கத்தில் நின்ற என் மகளுக்குப் புரிந்துவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். தண்ணிக்கு மலாயில் ஆயெர் என்று சொல்வார்கள். ஒரே ஒரு தரம் அந்த வார்த்தை வந்திருந்தால் போதும். பாக்கார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகில் தூக்கி ஏணியில் ஏற்றிய மனிதர். தமக்கே அரிசி இல்லாதபோது அரிசி கொடுத்த மனிதர்.

"எங்கள் சாமி பெயர், பாங்" என்றேன்.

"கடவுள் பெயரா? கடவுள் பெயரைச் சொல்லிக்கொண்டா போனான்?"

"ஆமாம்."

பாக்கார் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். தோள் தளர்ந்து, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடினார். வந்ததிலிருந்து அப்போதுதான் சாய்ந்தார்.

யானில், வயல் மேட்டில், தென்னை அடியில், என் வீட்டுக்காரரைப் புதைத்திருந்தார்கள். சண்டை முடிந்த பிறகு பிள்ளைகளோடு போய்ப் பார்த்தேன். அதற்குப் பிறகும் பல தடவை போயிருக்கிறேன். இப்போது சுங்கைப் பட்டாணியிலிருந்து பஸ் இருக்கிறது, காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். பாக்காரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பேரப்பிள்ளைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். மலாயிலேயே மணிக்கணக்காகப் பேசுவேன், ஒரு தடங்கலும் இல்லை. அவர்கள் சில சமயம் அந்த வார்த்தையைச் சொல்லிக் காட்டுவார்கள், தாத்தாவின் தம்பி சொன்ன சாமி பெயர் என்று. உச்சரிப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்பார்கள்.

சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்துவிடுவேன்.